மௌனப் பதிவேடு

விடியுமுன் நாலேகாலுக்கு
ஆர்.கே.புரத்தில் என்னை ஏற்றிக்கொள்ளும் வண்டிக்கு
மூன்று மாத வாடகை பாக்கி.
ஓட்டுநர் பல்ஜிந்தர் அதைப் பற்றிக் கேட்பதில்லை.
எனக்கும் பாக்கி என்பது அவருக்குத் தெரியும்.
பிப்ரவரிப் பனியில்
எது சிக்னல், எது முன்னால் போகும் லாரியின் முதுகு என்று
இருவரும் சேர்ந்து கண்ணைச் சுருக்குவோம்.

நாடாளுமன்றச் சாலை.
மாடி விளிம்புகளில் குரங்குகள் இன்னும் எழவில்லை.
வாசலில் என் சீட்டை டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்:
தற்காலிகம்.
பதினேழு வருடத் தற்காலிகம்.
மாதம் ஆறு முறைக்கு மேல் அழைத்தால்
நான் நிரந்தரமாகிவிடும் ஆபத்து இருக்கிறதாம்.
இன்று ஆறாவது.

பட்ஜெட்டுக்கு மறுநாள்.
ஆங்கிலப் பிரதி மேசையில் கனக்கிறது.
பத்து நிமிடத்துக்குள் அத்தனையையும்
தமிழில் கொட்டி அளக்க வேண்டும்.
ரயிலுக்கு இத்தனை கோடி
உரத்துக்கு இத்தனை கோடி.
கோடிகளுக்கு என் நாக்கு பழகிவிட்டது,
ஊறும், விழுங்கிவிடுவேன்.

நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு வரி:
பொது ஒலிபரப்புக்கான மானியம் குறைக்கப்பட்டுள்ளது.
மொழிவாரிச் செய்திப் பிரிவுகள் சீரமைக்கப்படும்.

சீரமைப்பு.
முனிர்காவில் நடைபாதைக் கடைகளை இடித்த அன்று
புல்டோசர் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளிலும்
இதே சொல்தான்.

ஆசிரியர் மெஹ்ரோத்ரா
அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார்.
அடிக்கவில்லை.
ஓரத்தில் எழுதினார்: நேரம் இருந்தால்.
முப்பது வருடப் பணியில்
அவர் எதையும் தடுத்ததே கிடையாது.
சிலவற்றுக்கு நேரம் போதாமல் போயிருக்கிறது,
அவ்வளவுதான்.

ஒடியாப் பிரிவின் சுலோசனா சாஹு
தன் பிரதியைத் தூக்கிக் காட்டினாள்.
அவளுக்கும் அதே வட்டம்.
கண்ணாலேயே கேட்டாள்,
உனக்கு நேரம் இருக்குமா?

செய்திகள் வாசிப்பது உமையாள் வயிரவன்.

ரயிலை நிற்காமல் கடந்தேன்.
உரத்தை ஒரே மூச்சில்.
வேகமாகப் படித்தாய் என்று பிறகு சொன்னார்கள்.
வேகமாகத்தான் படித்தேன்.
கிரிக்கெட்டுக்கு முன்னால்
பதினெட்டு நொடி என் கையில் மிஞ்சியது.

பொது ஒலிபரப்புக்கான மானியம், என்று தொடங்கி
நின்றுவிட்டேன்.

குறைக்கப்பட்டுள்ளது.
செயப்பாட்டு வினை.
யாரால் என்பதற்கு இலக்கணம் ஓர் இருக்கை போட்டுத்தான் வைத்திருக்கிறது.
அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
பதினேழு வருடமாக எத்தனை 'பட்டது'
இந்தத் தொண்டை வழியாகப் போயிருக்கும்:
உத்தரவிடப்பட்டது, கலைக்கப்பட்டது,
ஒத்திவைக்கப்பட்டது.
ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு
என் பெருமூச்சுக்குக் காத்திருந்தது.

அரசு குறைத்துள்ளது, என்று முடித்தேன்.
அடுத்து கிரிக்கெட்.

மூன்று நொடியைத் தாண்டிய அமைதிக்கு
ஒரு பதிவேடு உண்டு.
தேதி, நேரம், அலைவரிசை, எத்தனை நொடி.
காரணத்துக்கு இரண்டே கட்டம்:
இயந்திரக் கோளாறு. மனிதக் கோளாறு.
பணி அதிகாரி பேனாவை நீட்டினார்.
நான்கு நொடி என்று எழுதினேன்.
இரண்டு கட்டத்திலும் குறி போடாமல் கையெழுத்திட்டேன்.
மெஹ்ரோத்ரா தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்,
ஆறிய பிறகும்.

வெளியே குரங்குகள் எழுந்து
யாருடைய சாப்பாட்டுப் பையையோ பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

பல்ஜிந்தருக்குத் தமிழ் தெரியாது.
வண்டி வானொலியில் என்னை ஓடவிட்டுக் காத்திருப்பார்.
கிரிக்கெட் என்ற ஒரு சொல் வந்ததும்
என்ஜினைக் கிளப்புவார், நான் இறங்கி வரச் சரியாக இருக்கும்.

இன்று கொஞ்சம் லேட், என்றார்.
ஆமாம், என்றேன்.

பனி விலகியிருக்கவில்லை.
பாக்கியைப் பற்றி இன்றும் பேசவில்லை.