கூரையில் ஒரு வெட்டு

வீட்டுக்கு முன்னால் வீட்டின் எலும்பு வந்தது.
ஆறு அலுமினியக் கம்பங்கள்,
உச்சியில் கூரையின் சரிவைக் காட்டும்
சின்ன மரச்சட்டங்கள்.
கட்டப்போவதை முதலில்
காற்றில் கட்டிக் காட்டவேண்டுமாம் இந்த நாட்டில்.
முப்பது நாள்.
மறுப்பிருந்தால் எவரும் எழுதலாம்.

எமெண்டாலின் இந்தச் சரிவில்
புல் இன்னும் வெட்டுப்படவில்லை.
ஞாயிறு காலை, சப்பாத்து நனைய,
சுவரில்லாத வீட்டுக்குள் நடந்தோம்.
"இது குளியலறை, அப்பா வெளியே போங்கோ"
என்றாள் ஆதிரை.
நிரூபன் வரவேற்பறையில் நின்று
இன்னும் வராத யன்னலால் மலை பார்த்தான்.
நான் குசினியில் நின்றேன்.
ஒரு தத்துவெட்டி என் அடுப்பில் குந்தியது.

அந்தக் குசினிக்குக் கதவு வேண்டுமென்று
மூன்று மாதம் வாதாடியவள் நான்.
"இப்போது யாரும் வைப்பதில்லை" என்றாள்
வீட்டை வரைந்த ரெகுலா.
எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து
கருவாடு பொரித்துக் காட்டினேன்.
இருமினாள். கண் துடைத்தாள்.
இரண்டு துண்டு தின்றாள்.
அடுத்த வரைபடத்தில் ஒரு இழுகதவு.
பக்கத்தில் தடித்த புகைக்குழாய்,
அதன்மேல் பொடி ஜெர்மன் எழுத்தில்:
கருவாடு.

இருபத்தாறாம் நாள் கடிதம் வந்தது.
மேல்வீட்டு வூத்ரிஹ் அம்மா.
கூரை எண்பது சென்ரிமீற்றர் உயரம் கூட.
வேறொன்றும் இல்லை.

அன்றிரவு எல்லாம் கதைத்தோம்:
நிறம், பெயர், எங்கள் கார்,
போன கிழமை அவள்
திருப்பிச் சொல்லாத வணக்கம்.
நிரூபன் வழக்கறிஞர் என்றான்.
எண்பது சென்ரிமீற்றருக்குள்
எவ்வளவு அடுக்கலாம்!

நான் நேரே போய்க் கதவைத் தட்டினேன்.
அவள் உட்காரச் சொல்லவில்லை.
மாடிக்குக் கூட்டிப்போய்க் கட்டிலைக் காட்டி
"படு" என்றாள்.
கோட்டோடு படுத்தேன்.
தலையணைக்கு நேரே யன்னல்,
யன்னலுக்கு நேரே, பள்ளத்தில்,
அவளுடைய தொழுவத்தின் ஒற்றை விளக்கு.
பசு நோவெடுத்து எழும்பி எழும்பிப் படுத்தால்
நிழல் ஆடுமாம்.
இடுப்பில் உலோகம் வைத்த பிறகு
சும்மா சும்மா பனியில் இறங்க ஏலாதாம்.
விளக்கின் பாதியை
எங்கள் கூரையின் மரச்சட்டம் அறுத்துக்கொண்டிருந்தது.

"இதை எழுதியிருக்கலாமே?"
"படிவத்தில் ஒரு வரிதான் இருந்தது."

ரெகுலா கூரை முழுவதையும் தாழ்த்தவில்லை.
வடகீழ் மூலையை மட்டும்
பாணில் ஒரு துண்டு வெட்டுவதுபோல் வெட்டினாள்.
அது ஆதிரையின் அறை.
"அங்கே நான் எப்படி நிற்கிறது?"
இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை.
நிரூபன் அந்த மூலையின் விலையைக் கணக்குப் பார்த்து
என்னிடம் மட்டும் சொன்னான்,
பிறகும் பிறகும் சொன்னான்.
நிற்க முடியாத இடத்தில்
கட்டிலைப் போட்டோம்.

மாசி. மூன்று மணி.
தோளைத் தொட்டு எழுப்புகிறாள்:
"அம்மா, நிழல் ஆடுது."
அவளுடைய கட்டிலில் படுத்துப் பார்க்கிறேன்.
ஆடுகிறது.
மேலே வூத்ரிஹ் அம்மாவின் யன்னல்
இருட்டாகவே இருக்கிறது.
அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளா,
உறங்கிவிட்டாளா?
ஒன்றரை வருடம் அயலில்.
போன் நம்பர் கேட்டதில்லை.

இருட்டில்,
புதுவீட்டில் இன்னும் பழகாத சுவிட்சைத் தடவிக்கொண்டு,
சப்பாத்தைத் தேடுகிறேன்.