ஸா என்னும் சிறு சொல்

கோஷித்சே நகரில் மூன்றாம் மாடி.
கீழே டிராம் திரும்பும்போதெல்லாம்
மேசை விளக்கு ஒருமுறை நடுங்கும்.
ஒத்தீலியா, நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
லீட்ஸிலிருந்து வந்த கடிதத்தை மறுபடி எடுக்கிறாள்.
ஒரே பக்கம். பதினொரு வரி.

செத்தவன் பெயர் பிளாஜெய்.
கிடங்கில் பாரவண்டி பின்னோக்கி வந்தது.
அவன் வேறு பக்கம் பார்த்து நின்றிருந்தான்.

"மாலை நான்கு பத்துக்கு மருத்துவமனையில் அட்மிட்."
நான்கு வரி தள்ளி:
"நிறுவனம் எந்தத் தவறையும் அட்மிட் செய்யவில்லை."
இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே கதவு.
நான்கு பத்துக்கு அவனை உள்ளே விட்ட கதவு
கம்பெனி வாசலில் தாழ் போட்டுக்கொண்டது.

ஸ்லோவாக்கில் கதவுகள் வேறு வேறு.
ஆஸ்பத்திரிக்கு ப்ரியாத், கை நீட்டி வாங்கிக்கொள்வது.
"இருந்தாலும் இருக்கலாம்" என்று இழுக்க ப்ரிபுஸ்தித்,
கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி
நாயைப் பக்கத்தில் வரவிடுவதுபோல.
குற்றத்துக்கு ப்ரிஸ்நாத்.
உஸ்நாத் இன்னும் கனமானது:
ஒரு நாடு இன்னொரு நாட்டை,
ஒரு தகப்பன் தன் பிள்ளையை
கையெழுத்துப் போட்டு ஏற்கும் சொல்.
இந்த இரண்டின் அடியிலும் ஸ்நாத் கிடக்கிறது, தெரிந்திருத்தல்.
தெரியாமல் யாரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.
தெரிந்தும் ஒப்புக்கொள்ளாதவர்கள்தான்
இப்படிக் கடிதம் எழுதுகிறார்கள்.

கடைசி வரிதான் தொல்லை:
"உங்கள் இழப்பை அக்னாலெட்ஜ் செய்கிறோம்."
உஸ்நாத் போட்டால்
இவர்கள் முத்திரை குத்தும்வரை
அது இழப்பே இல்லை என்றாகும்.
போத்வர்தித் போட்டால் பார்சல் வந்து சேர்ந்தது.
"கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்றால்
வரி ஆபீஸ் ஜன்னல்.
எழுதினாள், அடித்தாள். தேநீர் ஆறி ஏடு கட்டியது.

பிலொமேனா வந்தாள்.
பனி ஒட்டிய பூட்ஸோடு கம்பளத்தை மிதிக்காமல்
ஓரமாகவே நின்றாள்.
மூன்று சொற்களையும் கேட்டாள்.
"தப்பு தங்களுதுன்னு சொன்னாங்களா, சொல்லலையா?"
"சொல்லவில்லை."
"அப்போ சொல்லாததை அப்படியே எழுதுங்க.
என் மேல இரக்கப்பட்டு அழகாக்கிடாதீங்க."

வெள்ளை நீலம் சிவப்பு நூல் கோத்து
வட்ட முத்திரை குத்திக் கொடுத்தாள்.
கூலியை முழுசாக எண்ணி வாங்கினாள். ரசீதும் தந்தாள்.

பிறகு கீழ் இழுப்பறை.
மூன்று வருடத்துக்கு முந்திய கோப்பு.
வெந்தெலீன் என்றொருவன்
மான்செஸ்டர் போலீஸிடம் உடைந்த இங்கிலீஷில் சொன்னது:
"அப்படி நடந்திருக்கலாம்."
இங்கே நீதிமன்றத்துக்கு அவள் எழுதியது ப்ரிஸ்நாத்.
அன்று காய்ச்சல். நாற்பது பக்கம், விடிந்தால் வேண்டும்.
யாரும் கேட்கவில்லை. அவன் வக்கீல்கூட.
பதினான்கு மாதம்.
இப்போது ரயில் நிலையத்தில் கசகசா ரொட்டி விற்கிறான்.
போன வெள்ளிக்கிழமை
மீதிச் சில்லறையை அவள் உள்ளங்கையில் வைத்து
நன்றி சொன்னான், யாரென்று தெரியாமல்.

தன் குற்றத்தைத் தானே சொல்ல
அந்த மொழியில் வினையோடு ஸா வேண்டும்.
உதட்டில் தங்காத சின்னச் சொல்.
அது இல்லாவிட்டால்
யாரோ எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும்.
(இதைத் தமிழில் எழுதும் எனக்கு
'கொள்' நினைவுக்கு வருகிறது.
ஒப்பு, பொதுவில் கிடக்கிற சொல்.
கொள் வந்து ஒட்டும்போதுதான்
நீட்டிய விரல் தன் பக்கம் மடங்குகிறது.)

"மதிப்பிற்குரிய நீதிமன்றத்துக்கு" என்று தட்டினாள்.
தேதி. கோப்பு எண்.
எண்ணை இரண்டுமுறை சரிபார்த்தாள்,
அதில் தவறு இருக்கக் கூடாது என்பதுபோல.
ப்ரிஸ்நாவம்.
'நான்' தேவையில்லை, சொல்லின் வாலிலேயே இருக்கிறாள்.

ஓர் இடைவெளி.
டிராம் திரும்பியது. விளக்கு நடுங்கியது.
ஸ் விழுந்தது.
இன்னும் ஓர் எழுத்து.