கோரும் பரிகாரம்

தீர்ப்பில் பெயரடை கூடாது என்பது
எங்கள் அலுவலகத்தின் எழுதாத விதி.
'குளிர்ந்த வீடு' என்று எழுதினால்
மேலாளர் 'குளிர்ந்த'வை அடித்துவிட்டு
எத்தனை டிகிரி என்று ஓரத்தில் கேட்பார்.
ஆகவே:

கிளெனிஸ் புரோதரோ. வயது ஐம்பத்திரண்டு.
பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை.
வேல்ஸ், டிரெடேகர், கீழ்த்தளம்.
மின்பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலு பவுண்டு.
பதினொரு டிகிரி.

நிறுவனத்தோடு அவர் பேசிய ஒலிப்பதிவுகள் ஒன்பது.
அவற்றைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.
முக்கால்வாசி பியானோ.
நாற்பத்தோரு நிமிடம் ஒரே மெட்டு,
நடுநடுவே ஒரு குரல்:
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
ஆறாவது பதிவில் அவரே
அந்த மெட்டை முணுமுணுக்கிறார்,
தன்னை அறியாமல், பாத்திரம் கழுவிக்கொண்டு.

சோதித்தோம், மீட்டரில் பழுதில்லை.
எட்டு வாரமும் இதே பதில்.
எட்டு வாரம் கழிந்தால்தான்
எங்கள் கதவைத் தட்டலாம்.
அதுவரை கிணற்றில் போட்ட கல்.

இணைப்பு பதினாலு: ஓர் உறையின் பின்பக்கம்.
பிப்ரவரி, ஞாயிறு இரவு.
மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு
கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு
மாடிப்படிக்கு அடியில் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார்,
மீட்டரின் சிவப்புப் புள்ளிக்கு எதிரே.
பென்சில் எழுத்து:
8.10 மேலே வாஷிங் மெஷின். புள்ளி வேகமாகத் துடிக்கிறது.
8.52 நின்றது.
9.15 குழந்தை அழுகிறது. நடக்கும் சத்தம். மறுபடி துடிக்கிறது.
9.40 தூங்கிவிட்டது போல.
புள்ளியா, குழந்தையா என்று எழுதவில்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை.
மாடிவீட்டின் உண்மையை
இவர் பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது,
நாலு வருடமாக.
வீட்டை இரண்டாகப் பிரித்த அன்று
எவனோ இரண்டு ஒயரை மாற்றி முறுக்கிவிட்டு
டீ குடிக்கப் போயிருக்கிறான்.

தீர்ப்பு சுலபம். பாக்கி ரத்து.
கட்டிய மிகை திரும்பும்.
நஷ்டஈடு நூற்றைம்பது,
எழுத்தில் ஒரு மன்னிப்பு.

ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
புகார்தாரர் கோரும் பரிகாரம்.
அதில் இரண்டு வரி எழுதியிருந்தார்.
என் பணம் வேண்டும்.
அந்தப் பில்லை மாடிக்கு அனுப்பாதீர்கள்.

மாடியில் காசியா வ்ரோனா.
பழைய இருப்பை இழுத்துத் தண்டுவதென்றால்
பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கூடாது, விதி இருக்கிறது.
பன்னிரண்டு மாதத்திலும்
ஒரு குளிர்காலம் உண்டே,
ஒரு பிரசவம் உண்டே.

காசியா இவ்வழக்கில் தரப்பினர் அல்லர்.
என் கைக்கு எட்டியது பரிந்துரை மட்டும்:
'நிறுவனத்தின் தவறு இன்னொரு வீட்டின் தலையில் விடியலாகாது.'
மேலாளர் 'தலையில்' என்பதைச் சுழித்தார்,
கொஞ்சம் யோசித்தார்,
அடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.
கவனத்தில் கொள்கிறோம் என்றது நிறுவனம்.
இருபத்தெட்டாம் நாள் கோப்பை மூடினேன்.

பிறகு வந்தது இந்தக் கடிதம்.
மூடிய கோப்பில் கணினி இதைச் சேர்க்க மறுக்கிறது;
மூன்று முறை முயன்றுவிட்டேன்.

'ஐயா, மன்னிப்புக் கடிதம் கிடைத்தது.
மாடி முகவரிக்குப் போயிருந்தது.
பெயரைப் பார்க்காமல் காசியா பிரித்திருக்கிறாள்,
குழந்தையை இடுப்பில் வைத்தபடி இறங்கி வந்தாள்.
எனக்கு எவ்வளவு வரும் என்று கேட்டாள்.
தெரியாது என்றேன்.
கெட்டிலைப் போட்டேன்.
எந்த மீட்டர் துடிக்கிறதென்று
இருவருமாகப் படிக்கு அடியில் போய்ப் பார்த்தோம்.'