பற்றில்லாத சாட்சி

இருபத்திரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி.
அந்த இடத்தில் விரலை ஊன்றியபடி
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்
ஆம்ப்ரோஸ் கியோ.
நியூஃபவுண்ட்லாந்தில் இது மே மாதம்.
துறைமுகத்தில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது.
அவர் காலடியில் சின்னதாய் ஒரு குளம்.

"என்னை இப்படி எழுதியது யார்?"

நான்தான்.
விசாரணை அறிக்கை எழுதுவது என் பிழைப்பு.
நண்டுப் படகுகள் இரண்டு மோதி
ஒருவன் கரை திரும்பாத காலையை
நாற்பது பக்கத்துக்குள் மடித்து வைத்தவள்.
மூடுபனி விலகிய ஒரே நிமிடத்தில்
அதைக் கண்ட ஒரே ஆள் இவர்,
தன் கொட்டகை வாசலில், கையில் தேநீரோடு.
இரண்டு படகிலும் உறவில்லை, பங்கில்லை.
ஆகவே எழுதினேன்:
டிஸ்இன்ட்ரஸ்டட் சாட்சி.

"எனக்கு அக்கறையில்லை என்கிறாய்.
பதினோரு இரவு நான் தூங்கவில்லை.
அந்தப் பையனின் ஒற்றைக் கையுறை
என் படகுத்துறையில்தான் ஒதுங்கியது.
அடுப்போரம் காயவைத்து
அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.
எனக்கா அக்கறையில்லை?"

பெருமூச்சு விட்டேன்,
உள்ளே கொஞ்சம் குஷியோடு.
இந்தச் சண்டைக்கு இருபது வருடமாகத் தயாராயிருக்கிறேன்.
படித்த வக்கீல்களே இடறி விழும் படி இது.
இரண்டு சொல்லுக்கும் ஒரே உடம்பு,
தொப்பிதான் வேறு.
சாட்சிக் கூண்டில் கொட்டாவி விடுகிறவன்
அன்இன்ட்ரஸ்டட்.
டிஸ்இன்ட்ரஸ்டட் ஆனவனோ
கண்கொட்டாமல் பார்க்கலாம், அழலாம்,
பதினோரு இரவு விழித்தே கிடக்கலாம்;
யார் ஜெயித்தாலும் அவன் சட்டைப்பையில்
ஒரு காசு கூடாது, ஒரு காசு குறையாது.
பற்றில்லாதவர் என்றுதான் எழுதினேன் ஐயா,
பரிவில்லாதவர் என்று இல்லை.

அகராதியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
உதடசைய இரண்டு தரம் படித்தார்.
பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நல்ல சொல்தான்" என்றார்.
"ஆனால் என்மேல் ஒட்டாது."

ஏன்?

"நார்த் பிரைட் படகுக்காரன்
போன குளிர்காலத்து விறகுக்கு
எனக்கு அறுநூறு டாலர் தரவேண்டும்.
இழப்பீடு அவன் தலையில் விழுந்தால்
எனக்கு எங்கிருந்து தருவான்?"

ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
நார்த் பிரைட்.
விளக்கேற்றாமல் வந்த படகு அதுதான் என்று
கூண்டில் நின்று சொன்னவர் இவர்.

இதை அன்றைக்கே சொல்லக்கூடாதா?

"யாரும் கேட்கவில்லை.
விளக்கு எரிந்ததா என்றுதான் கேட்டார்கள்.
எரியவில்லை."

என் கையில் அகராதி திறந்தே கிடக்கிறது.
எழுத்து சரி, பொருள் சரி,
எடுத்துக்காட்டு வாக்கியம்கூடச் சரி.
சொல்லைச் சுற்றிச் சுற்றிக் காவல் நின்றவள்
ஆளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கையை விட்டுப் போகும் காசு கண்ணெதிரே தெரிந்தும்
பக்கம் சாயாதவனுக்கு
என்ன அடைமொழி?
புரட்டிப் பார்த்தேன்.
தூக்கலாய்ச் சில இருந்தன,
கல்லறைக் கல்லில் பொறிக்க ஏற்றவை.
அறிக்கை தாங்காது.

ஒரே கோடு. அடித்தேன்.
பக்கத்தில் வெறும் வாக்கியமாய் எழுதினேன்:
நார்த் பிரைட் உரிமையாளர் இந்தச் சாட்சிக்கு
விறகு வாங்கிய வகையில்
அறுநூறு டாலர் கடன்பட்டிருக்கிறார்.
சாட்சியம் அந்த உரிமையாளருக்கு எதிரானது.

வாசித்துக் காட்டச் சொன்னார்.
காட்டினேன்.
எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார்,
கதவு வரை போய்த் திரும்பினார்.

"காய்ந்த விறகு என்று போடு.
ஈர விறகு விற்கிறவன் இல்லை நான்."

போட்டேன்.