பறை – 2, நல்ல நிலையில்

திங்கள், புதன், வெள்ளி:
மூன்று அரைநாள் நான் ஓவிய டீச்சர்.
மே மாதம் யாருமில்லை, சம்பளமும் இல்லை.

பாண்டவையாற்றுப் பாலத்தில் மினி பஸ் இறக்கிவிட்டால்
பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை.
கால அட்டவணையில் என் பெயர் மட்டும் பென்சிலில் இருக்கும்.
பத்தாம் வகுப்புக்குக் கணக்கு முடியவில்லையென்றால்
முதலில் அழிவது அதுதான்.

ஆடியில் ஒரு பெட்டி வந்தது.
சலங்கை பத்து ஜோடி,
ஊதினால் இருமும் புல்லாங்குழல் நான்கு,
பறை இரண்டு.
ஃபைபர் தோல், தீயில் காய்ச்சத் தேவையில்லை
என்று பில்லிலேயே போட்டிருந்தது.
"கலைன்னா நீங்கதானே மிஸ்" என்று
தலைமையாசிரியர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.
எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

எட்டாம் வகுப்பில் கேட்டேன்:
இதை யாருக்கு வாசிக்கத் தெரியும்?

மடை திறந்ததும் தண்ணீர் ஒரே பக்கம் சாய்வதுபோல
முப்பத்தொரு தலையும்
மூன்றாம் பெஞ்சின் ஓரத்துக்குத் திரும்பின.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
எந்தத் தெரு என்று இந்த ஊரில்
சொல்லியா தெரியவேண்டும்.

நானும் பார்த்தேன்.
இதை எழுதாமல்
வேறு எதை எழுதினாலும் பொய்.

சமரன் எழுந்து நின்றான்.
"தெரியாது மிஸ்."
"வீட்ல யாராவது? அப்பா?"
அதையும் நான்தான் கேட்டேன்.
"அப்பா கத்தார்ல கம்பி கட்றாங்க."
உட்கார்ந்தான். பிறகு
ஏதோ நான் அதற்காகவே வந்திருப்பதுபோல்,
"கிரேயான் இருக்கா மிஸ்?" என்றான்.

இருந்தது. பன்னிரண்டு நிறப் பெட்டி, பச்சை ஒன்றுதான்.
அவன் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
வெளியே நாற்றங்கால் ஒரு பச்சை,
நட்டு மூன்று நாளான வயல் ஒரு வெளிறிய பச்சை,
வாய்க்கால் ஓரத்துக் கோரை இன்னொன்று.
பச்சையைத் திரும்ப வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தான்.

அறுப்பு மெஷின் வரைந்தான்.
சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியாக,
விட்டுப்போனதை அழித்து, மறுபடி எண்ணி.
நாலு வெள்ளிக்கிழமை ஆனது.

இதற்கிடையில் மாவட்டப் போட்டிக்குப் படிவம் வந்தது.
பிரிவு: பறை. மாணவர் பெயர்: ஒரு கோடு.
"அந்தப் பையன் பேரைப் போடுங்க, ரத்தத்துல இருக்கும்"
என்றார் தலைமையாசிரியர். நல்ல மனிதர்தான்,
மதிய உணவு முட்டையைத் தானே எண்ணிப் போடுபவர்.
ரத்தத்தில் இருப்பது இரும்புச்சத்து சார்,
அதுவும் இவனுக்குக் குறைவு என்று சுகாதார அட்டை சொல்கிறது
என்று நான் சொல்லவில்லை.
பஸ்ஸில் வரும்போது சொல்லிப்பார்த்தேன்.

கை தூக்கியது ஹாஜிரா.
எதற்கும் கை தூக்குபவள்,
போன வாரம் கபடிக்கும் தூக்கியவள்.
தார்ப்பாய்மேல் ஐப்பசி மழை விழுவதுபோல் அடித்தாள்.
பக்கத்து அறையில் அறிவியல் நின்றது.
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனோம்.
அவள் போனில் யாரோ மெதுவாக வாசித்துக் காட்ட
இவள் அவசர அவசரமாக
அவரை முந்திப்போனாள்.

சமரன் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து
டயர் நிழலுக்குள் தாளை வைத்துக்கொண்டிருந்தான்.
ஏன் அங்கே வந்தான் என்று நான் கேட்கவில்லை.
வகுப்பில் ஃபேன் ஓடவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் நாள்,
தலை நிமிராமல், கண்ணியொன்றை மூடியபடி,
"சுண்டுக்குச்சிய அவ்ளோ இறுக்காத" என்றான்.

ஹாஜிரா விரலைத் தளர்த்தினாள்.
சத்தம் பிரிந்து வந்தது.

இந்த முறை நான் திரும்பவில்லை.
சுவரில் யாரோ கீறிய பெருக்கல் கணக்கையே
விடை தெரியாதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை.
பஸ்ஸில் ஹாஜிரா வாந்தி எடுத்தாள்.
ஒரு பறையில் சின்ன வெடிப்பு,
பதிவேட்டில் "நல்ல நிலையில்" என்பதை அடித்து
"பயன்பாட்டில்" என்று எழுதினேன்.
தணிக்கையில் கேட்பார்கள்.

அடுத்த ஆண்டுத் தேவைப் பட்டியலில்
பச்சை, ஐந்து விதம் என்று கேட்டிருக்கிறேன்.
வராது.
கேட்டிருக்கிறேன்.