ஒரு விரல் தொய்வு

புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று.
எல்லா ஸ்டாண்டுக்கும் ஒரே சிவப்பு பெயின்ட்,
எல்லாக் கடையிலும் ஒரே வாய்:
"ஒரு டன் தாங்கும்க்கா, கண்ண மூடினு எடு."

போன முறை அப்படித்தான் எடுத்தேன்.
மூன்று சக்கரம், முன்னால் ஒற்றை.
மாதவரத்தில் எங்கள் பட்டறைத் தரையில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு.
தள்ளும்போது அதில் மாட்டியது, அவ்வளவுதான்.
அரை டன் லாரி எஞ்சின்
பஸ்ஸில் தூங்கும் ஆள் மாதிரி
பக்கவாட்டில் சாய்ந்தது.
கவுஸ் மொய்தீன் துள்ளி வெளியே விழுந்தான்.
செருப்பு மட்டும் அடியில்.

அந்த ஒற்றைச் செருப்பு இப்போது அப்பளம்.
கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்,
இன்னொரு முறை யாராவது
கண்ணை மூடச் சொன்னால் காட்ட.

நாலாவது கடை.
பெயின்ட் இன்னும் படாத ஸ்டாண்ட்.
வெல்டிங்கை நகத்தால் தடவினேன்,
தையல் நெருக்கம், ஓட்டை இல்லை.
நாலு சக்கரமும் இரும்பு.
கால் இரண்டும் எஞ்சின் நீளத்தைத் தாண்டி
முன்னால் போகிறது.
கதவில் பிள்ளை தொங்கினால்
கத்துவது கீல்தான்;
அதனால் கழுத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன்,
குழாய்க்குள் குழாய் ஆடுகிறதா என்று.

"எவ்ளோ தாங்கும்?"
ஞானப்பிரகாசம் உடனே சொல்லவில்லை.
கையைத் துடைத்தார்.
"உங்க எஞ்சின் என்ன வெயிட்டு?
கியர் பாக்ஸோடயா, கழட்டியா?"
காலையிலிருந்து
என்னைக் கேள்வி கேட்ட முதல் கடை.
செருப்பை வெளியே எடுக்கவில்லை.
பேரமும் பேசவில்லை என்று
வீட்டில் சொல்லமாட்டேன்.

ராத்திரி, தகரத்தில் மழை.
ஆயில் வடித்த எஞ்சின்
செயின் பிளாக்கில் பல் பல்லாக ஏறுகிறது.
கவுஸ் பழைய போல்ட்டை நீட்டினான்.
"மரை எவ்ளோ உள்ள போது?"
"நாலு சுத்து."
"போல்ட் தடிமனுக்கு ஒன்றரை பங்காவது போகணும்.
நீளமானதா எடு, புதுசு."
முணுமுணுத்தான். எடுத்தான்.

சுழல் குழாய் எஞ்சினின் வயிற்றுக்கு நேராக
வரும்வரை கைகளைத் தளர்த்தி, நகர்த்தி,
மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி.
தொப்புள் தப்பினால்
நாம் அதைத் திருப்பமாட்டோம்,
அது நம்மைத் திருப்பும்.

நாலு போல்ட். லாக் பின்.
நாலு சக்கரத்துக்கும் ஆப்பு.
பாரம் மெல்ல இறங்கி
ஸ்டாண்ட் ஒரு முறை முனகியது.

"செயின அவுத்துடவாக்கா?"
"வேணாம். ஒரு விரல் தொய்வு குடு.
மாட்டியே இருக்கட்டும்."
"நம்பிக்க இல்லையா?"
"இருக்கு. இருந்தாலும் இருக்கட்டும்."

டீ ஆறும்வரை இருவரும் தள்ளி நின்று
அதையே பார்த்தோம்.
வெளியே, எஞ்சின் இல்லாத லாரி
வாய் திறந்தபடி நனைகிறது.
ஓனர் மூன்றாவது தடவை போன் அடிக்கிறார்.

கவுஸ் எடுக்கவில்லை.
புதுச் செருப்போடு
ஓர் அடி பின்னால் போய் நின்றான்,
நான் சொல்லாமலே.