சொதிக்கு மறுநாள்

பதினாறு தேங்காய்.
மூன்று பால் எடுத்து, முருங்கைக்காய் போட்டு,
இஞ்சிப் பச்சடியோடு
அறுபது பேர் சாப்பிட்டுப் போன
மறுவீட்டுச் சொதி
இன்று காலை அங்கணத்தில்
திரும்பி வந்து நிற்கிறது,
கணுக்கால் அளவுக்கு.

ரத வீதிக்குப் பின்னால், முடுக்குக்குள் வீடு.
இங்கே தும்மினால் நாலு வீட்டில் நூறு சொல்வார்கள்.
சத்தம் காட்டாமல்
ஈர்க்குச்சி விட்டுக் குத்தினேன்.
சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி விட்டேன்.
ஒரே ஒரு குமிழி வந்தது,
பந்தியில் எழுந்த ஏப்பம் மாதிரி.

"ஆசிட்டை ஊத்துங்க மதினி,"
சன்னல் வழியே எதிர்வீட்டு ஆவுடை.
போன வருசம் ஊற்றினேன்.
தரையின் மினுக்கம் போனது,
அடைப்பு போகவில்லை.

வெந்நீர், ரெண்டு குடம்.
கொழுப்பு இளகி இறங்கியது.
அப்பாடா என்று உட்காருமுன்
நாலடி தள்ளிப் போய்
மறுபடி உறைந்துகொண்டது.
தண்ணீர் பழைய இடத்துக்கே ஏறி வந்து
என்னைப் பார்த்தது.

மாடியில் மாப்பிள்ளை தூங்குகிறார்.
ஐந்து நாள் மாப்பிள்ளை.
வெள்ளித் தம்ளரில்தான் இன்னும்
தண்ணீர் கொடுக்கிறேன் அவருக்கு.
இந்த வாடை படியேறுவதற்குள்
செல்போனில் தேடினேன்,
'அ'வில்: அடைப்பு.
அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன்.
அடித்து அடித்து ஓய்ந்தது.

"யாருக்கு அத்தை போன்?"
பின்னால், தூக்கம் கலையாத குத்தாலிங்கம்.
"அடைப்பு எடுக்க வார ஆளுக்கு."
"அவரு பேரு?"

பதினோரு வருசமாக வருகிறார்.
பின்வாசலில் வந்து பின்வாசலில் போவார்.
சம்பளத்தை மட்டும்
சுவர்மேல் வைப்பேன்.
பேரு...
வாறுகாலைப் பார்த்தபடி நின்றேன்.

மேற்கொண்டு கேட்கவில்லை.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
பின்வாசல் வழியாகப் போனார்.
"ஐயோ, நீங்க எதுக்கு, சம்பந்தி கேட்டா..."
நான் முடிப்பதற்குள்
சுவரோரக் குழாயின் வளைவுக்கு அடியில்
வாளியை வைத்துத் திருகிவிட்டார்.
"மெட்ராஸ்ல ஒன்பது பேருக்கு ஒரு பாத்ரூம் அத்தை.
முடி கொட்டுறவன்தான் தோண்டணும், அதான் சட்டம்.
எனக்குத்தான் கொட்டும்."
மணிக்கட்டால் உச்சியைத் தடவிக் காட்டினார்.
ஜாதகத்தோடு வந்த போட்டோவில்
அது தெரியவில்லை.

வந்தது:
முழங்கை நீளத்துக்கு
மெழுகாய் இறுகிய தேங்காய்க் கொழுப்பு.
அதற்குள் முருங்கைச் சக்கை, வாழைநார்,
வடிவு சடையிலிருந்து உதிர்ந்த பிச்சி ஏழெட்டு,
என் நரை, அவள் கறுப்பு,
பிரிக்கமுடியாமல் ஒரே திரியாக.
மோதிரம், காதோலை எதுவும் இல்லை.
கதையென்றால் கிடைத்திருக்கும்.

தண்ணீர் மொடமொடவென்று இறங்கியபோது
அவர் கை முழங்கைவரை வெள்ளை.
சோப்பை நீட்டினேன்.
பிறகு குடிக்கத் தண்ணீர்,
கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் செம்பில்.
அண்ணாந்து குடித்தார்.

சாயங்காலம் பாத்திரக்கடையில்
முப்பது ரூபாய்க்கு ஒரு சல்லடை மூடி.
அங்கணத்து ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது.
பதினோரு வருசமாக
அந்தக் கடையைத் தாண்டித்தான்
கோவிலுக்குப் போகிறேன்.
எண்ணெய்ச் சட்டியை இப்போதெல்லாம்
கழுவுமுன் பழைய பேப்பரால் துடைக்கிறேன்.
மணமகன் தேவை வருகிற பக்கம்
நன்றாக உறிஞ்சுகிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் வந்தார்,
விடுபட்ட அழைப்பைப் பார்த்துவிட்டு,
தோளில் மூங்கில் பட்டையோடு.
"சரியாயிட்டா?"
"ஆயிட்டு. உங்க பேரு என்ன?"
முகம் மாறிவிட்டது.
"எதுக்குக் கேக்கிய? ஏதும் புகாரா?"
இல்லை இல்லை என்று
நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
மாசானம்.

ஐப்பசி மழையில்
முடுக்கு முழுக்க வாறுகால் பொங்கிய ராத்திரி
மெழுகுவர்த்தியோடு 'அ'வில் தேடினேன்.
இல்லை.
நம்பரே போய்விட்டது என்று கொஞ்சநேரம்
நடுங்கிக்கொண்டு நின்றேன்,
'ம' நினைவுக்கு வரும்வரை.